மூடிய ஆலை யாருக்குச் சொந்தம்? கைவிடப்பட்ட தொழிற்களங்களை மரபாக மீட்பது பற்றி ஓர் அறிமுகம்

மரபுச் சின்னம் என்றதும் நம் மனத்தில் கோயிலும் கோட்டையும் அரண்மனையும்தான் தோன்றுகின்றன. மூன்று ஷிப்டுகளில் ஆயிரக்கணக்கானோர் உழைத்த ஒரு நூற்பாலையையோ, சங்கு ஊதும் நேரத்தை வைத்து ஊரே உலை வைத்துக்கொண்ட ஓர் இரும்பாலையையோ அந்த வரிசையில் சேர்த்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு இல்லை. ஆலை ஓடும்வரை அது வேலை தரும் இடம். நின்ற பிறகு அது காலி மனை. இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு வழி உண்டு என்பதையும், அந்த வழி எப்போது பலிக்கிறது, எப்போது வெறும் அலங்காரமாக நின்றுவிடுகிறது என்பதையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில்துறை மரபு என்ற கருத்துக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு வயதுதான் ஆகிறது. அதற்கென ஒரு பன்னாட்டுக் குழு 1978இல் உருவானது; அக்குழு 2003ஆம் ஆண்டு ரஷ்யாவின் நிஷ்னி தாகில் நகரில் ஒரு சாசனத்தை ஏற்றுக்கொண்டது. ஆலைக் கட்டடங்கள், இயந்திரங்கள், சுரங்கங்கள், கிடங்குகள், மின் உற்பத்தி நிலையங்கள், ரயில் பாதைகள் ஆகியவற்றோடு தொழிலாளர் குடியிருப்புகளையும் அவர்களுடைய வழிபாட்டிடங்களையும் பள்ளிகளையும் அச்சாசனம் மரபின் பகுதியாகச் சேர்த்துக்கொண்டது. இந்தச் சேர்க்கை மிக முக்கியமானது. புகைபோக்கியை மட்டும் காப்பாற்றிவிட்டு, அதன் நிழலில் வாழ்ந்த லைன் வீடுகளை இடித்துத் தள்ளினால் மரபில் பாதிதான் மிஞ்சும் என்பது அதன் பொருள்.

மறுபயன்பாடு என்பது அருங்காட்சியகம் அமைப்பதிலிருந்து சற்று வேறுபட்டது. அருங்காட்சியகம் பழைய பொருளைப் பழைய நிலையிலேயே நிறுத்திக் காட்டும். மறுபயன்பாட்டிலோ கட்டடத்துக்குப் புதிய வேலை ஒன்று கொடுக்கப்படும். ஆனால் அதன் பழைய வேலை என்னவாக இருந்தது என்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்ளும்படி தடயங்கள் விட்டுவைக்கப்படும். சேர்க்கப்படுவது எதுவாயினும், தேவைப்பட்டால் பின்னர் பழைய அமைப்புக்குச் சேதமின்றி அகற்றக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது இத்துறையினர் கடைப்பிடிக்க முயலும் விதி. முன்புறச் சுவரை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே புத்தம் புதிய வணிக வளாகத்தைக் கட்டுவதையும் சிலர் மறுபயன்பாடு என்றே விளம்பரப்படுத்துகிறார்கள். அதை அப்பெயரால் அழைக்க எனக்கு மனம் வருவதில்லை.

இக்கருத்து முழு வடிவம் பெற்ற இடங்களுள் முதன்மையானது ஜெர்மனியின் மேற்கிலுள்ள ரூர் பகுதி. நிலக்கரியும் இரும்பும் சேர்ந்து உருவாக்கிய நிலப்பரப்பு அது. அங்கும் தொடக்கத்தில் ஆலைகளை மரபாக எவரும் எண்ணவில்லை. டார்ட்முண்ட் நகரின் சோலர்ன் சுரங்கம் 1966இல் மூடப்பட்டது. அதன் இயந்திரக்கூடம் 1969இல் இடிபடவிருந்தது. வண்ணக் கண்ணாடி பதித்த நுழைவாயிலோடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அக்கூடத்துக்காக, ஆலைக் கட்டடங்களைப் படமெடுப்பதையே வாழ்நாள் பணியாகக் கொண்டிருந்த புகைப்படக் கலைஞர்களான பெர்ண்ட் பெஷரும் ஹில்லா பெஷரும் உட்படப் பலர் குரல் கொடுத்தார்கள். அந்த ஆண்டின் இறுதிக்குள் அது பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டது. அழகான கட்டடம் என்பதால் அந்தப் போராட்டம் எளிதில் வென்றது என்றும் சொல்லலாம். அழகே இல்லாத ஒன்றைக் காப்பாற்ற முடியுமா என்ற கடினமான கேள்வி அதற்கு 16 ஆண்டுகள் கழித்து டூயிஸ்பர்க்கில் எழுந்தது.

டூயிஸ்பர்க் நகரின் மைடரிக் பகுதியில் ஆகஸ்ட் தீசன் என்ற தொழிலதிபர் 1901இல் ஓர் இரும்பாலையைத் தொடங்கினார். இரும்புத் தாதுவையும், நிலக்கரியைக் காற்றில்லாமல் சுட்டுப் பெறும் கல்கரியையும் ஊதுலையில் இட்டு உருக்கிக் கச்சா இரும்பு எடுப்பது அதன் தொழில். ஐரோப்பாவில் எஃகு தேவைக்கு மிஞ்சி உற்பத்தியாகத் தொடங்கியபோது ஆலைகள் ஒவ்வொன்றாகச் சுருங்கின. மைடரிக் ஆலையின் கடைசி ஊதுலை 1985 ஏப்ரலில் அணைந்தது. ஏறக்குறைய 200 ஹெக்டேர் பரப்பில் துருப்பிடித்த குழாய்களும் உயர்ந்த உலைகளும் தாதுக் கிடங்குகளும் நச்சு ஊறிய மண்ணும் மிஞ்சின. எல்லாவற்றையும் இடித்து நிலத்தைச் சமன்படுத்துவதே வழக்கமான தீர்வாக இருந்திருக்கும். ஆனால் இடிப்பதற்கே பெருஞ்செலவு பிடிக்கும் என்பது தெரியவந்தது. அப்பகுதி மக்களில் ஒரு சாராரும் ஆலையை இடிக்கக் கூடாது என்று ஒன்றுதிரண்டார்கள்.

அந்த நேரத்தில் வட ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில அரசு ஒரு நீண்டகாலத் திட்டத்தைக் கையிலெடுத்திருந்தது. 1989 முதல் 1999 வரை பத்தாண்டுகள் நடந்த அத்திட்டத்துக்கு எம்ஷர் பூங்கா பன்னாட்டுக் கட்டடக் கண்காட்சி என்று பெயர். கண்காட்சி என்று பெயர் இருந்தாலும் அரங்கம் அமைத்துப் பொருள்களைக் காட்சிக்கு வைக்கும் ஏற்பாடாக அது இருக்கவில்லை. எம்ஷர் ஆற்றங்கரையில் நலிந்துபோன பல நகரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பணிகளை ஒரே நோக்கின்கீழ் நடத்திய நிர்வாக ஏற்பாடு அது. மைடரிக் ஆலைக்கான வடிவமைப்புப் போட்டியில் 1991இல் பீட்டர் லாட்ஸ் என்ற நிலத்தோற்றக் கலைஞரின் திட்டம் வென்றது. மற்றவர்கள் ஆலையின் மேல் ஒரு பூங்காவை வரைந்து காட்டியபோது, லாட்ஸ் ஆலையையே பூங்காவாகப் படித்தார் என்று அத்திட்டத்தைச் சுருக்கிச் சொல்லலாம். பூங்கா 1994இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது.

அங்கே என்னென்ன செய்தார்கள் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயன்தரும். ஏனென்றால் மறுபயன்பாடு என்ற சொல்லின் உட்பொருள் அந்த விவரங்களில்தான் இருக்கிறது. வாயுவைத் தேக்கிவைத்த பெரிய உருளைத் தொட்டியில் ஏறக்குறைய 2 கோடி லிட்டர் தண்ணீரை நிரப்பி, 13 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்புப் பயிற்சி நிலையம் ஆக்கினார்கள். தாதுவைக் கொட்டிவைத்த தடித்த கான்கிரீட் சுவர்களை ஜெர்மன் மலையேற்றச் சங்கத்தின் உள்ளூர்க் கிளை எடுத்துக்கொண்டு பாறையேற்றப் பயிற்சிக் களமாக மாற்றியது. மலையே இல்லாத சமவெளியில் வாழ்பவர்களுக்கு அச்சுவர்கள் மலையாயின. ஆலைக்கு மின்சாரமும் அழுத்தக் காற்றும் தந்த நீண்ட கூடங்களில் இப்போது இசை நிகழ்ச்சிகளும் நாடகங்களும் நடக்கின்றன. ஐந்தாம் ஊதுலையின் உச்சிக்குப் படியேறிச் சென்று நகரத்தைப் பார்க்கலாம். வார்ப்புக் களத்தில் உருகிய இரும்பின் சூட்டைத் தாங்கித் தாங்கி மேற்பரப்பு அரித்துப்போன 49 இரும்புத் தகடுகளைப் பெயர்த்தெடுத்து, உலைகளின் நடுவே சதுரமாகப் பரப்பி ஒரு முற்றம் அமைத்தார்கள். இரும்பை இரும்பே தேய்த்த வரலாற்றை எந்த விளக்கப் பலகையும் இல்லாமல் அத்தகடுகள் காட்டுகின்றன. பூங்காவுக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது. இரவும் பகலும் திறந்தே இருக்கும். 1996இல் அமைக்கப்பட்ட ஒளி ஏற்பாட்டால் உலைகள் இரவில் நிறங்களில் ஒளிர்கின்றன. சுற்றுலாப் படங்களில் அதிகம் வருவது அந்தக் காட்சிதான் என்றாலும், பூங்காவின் சிறப்பு அந்த வண்ண விளக்குகளில் இல்லை என்றே நான் கருதுகிறேன்.

தாவரங்களை லாட்ஸ் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது. ஆலை நின்ற பிறகு ரயில் பாதைகளுக்கு நடுவிலும் கசடு மேடுகளிலும் தாமாக முளைத்த செடிகளுள் சில அந்த மண்ணுக்கே புதியவை. கடல் கடந்து வந்த தாதுவோடு அவற்றின் விதைகளும் வந்திருந்தன. அவற்றைக் களையென்று அகற்றாமல், அவையும் ஆலையின் வரலாற்றைச் சேர்ந்தவையே என்று விட்டுவைத்தார்கள்.

இனி, இவ்வகைத் திட்டங்கள் பற்றிப் பேசும் பலர் விரைந்து கடந்துவிடும் விஷயத்துக்கு வருவோம். கைவிடப்பட்ட கோட்டையில் வௌவால் இருக்கும். கைவிடப்பட்ட ஆலையிலோ நஞ்சு இருக்கும். கல்கரி தயாரித்த இடங்களின் மண்ணில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய தார் வகைச் சேர்மங்கள் ஊறிக் கிடக்கும். வேறு இடங்களில் ஈயம், ஆர்சனிக் போன்றவை கிடைக்கும். மைடரிக்கில் எல்லா மண்ணையும் தோண்டி வெளியேற்றவில்லை. அது கட்டுப்படியாகாது, நஞ்சை வேறோர் ஊருக்கு அனுப்புவதாகவும் முடியும். மிகவும் மாசுபட்டிருந்த ஒரு பிரிவு முழுவதும் இடிக்கப்பட்டது. கடுமையான நச்சுக் கலந்த சிதைபொருள்கள் பழைய சேமிப்புத் தொட்டிகளுக்குள் அடைத்து மூடப்பட்டன. குறைவாக மாசுபட்ட பகுதிகள் மனிதர் கைபடாமல் செடிகொடிகளுக்கு விடப்பட்டன. மண்ணின் தரத்துக்கேற்ப ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பயன்பாடு தீர்மானிக்கப்பட்டது என்பதே இதன் சாரம். குழந்தைகள் மண்ணில் விளையாடும் இடமும், நடைபாலத்தின் மேலிருந்து பார்க்க மட்டுமே கூடிய இடமும் ஒரே அளவு தூய்மையைக் கோருவதில்லை.

தண்ணீரின் கதை இன்னும் நீளமானது. சுரங்கங்களால் ரூர் பகுதியின் நிலம் தொடர்ந்து தாழ்ந்துகொண்டிருந்ததால், நிலத்துக்கடியில் பதித்த கழிவுநீர்க் குழாய்கள் உடைந்துவிடும்; ஆகவே எம்ஷர் ஆற்றையே கான்கிரீட் கரையிட்டுத் திறந்த சாக்கடையாக்கி வைத்திருந்தார்கள். சுரங்கத் தொழில் வடக்கு நோக்கி நகர்ந்து நிலம் அசைவற்று நின்ற பிறகே ஆற்றை மீட்கும் பணி சாத்தியமானது. 1992இல் தொடங்கிய அப்பணி, சுமார் 550 கோடி யூரோ செலவில், 2021ஆம் ஆண்டின் இறுதியில்தான் ஆற்றைக் கழிவுநீரிலிருந்து விடுவித்தது. மைடரிக் பூங்காவுக்குள் ஓடும் பழைய கால்வாயில் கழிவுநீர் தனிக் குழாய்க்குள் செலுத்தப்பட்டு, மேலே மழைநீர் மட்டும் ஓடுகிறது. இவ்வளவுக்கும் பிறகு, மூடிய சுரங்கங்களிலிருந்து நிலத்தடி நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டிய கடமை முடிவதில்லை. இறைப்பதை நிறுத்தினால் தாழ்ந்துபோன நிலப்பகுதிகளில் நீர் தேங்கிவிடும். ரூர் பகுதியின் கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தண்ணீர் இறைக்கும் செலவை 2019 முதல் அதற்கென்றே உருவாக்கப்பட்ட ஓர் அறக்கட்டளை ஏற்கிறது. பூங்காவின் படத்தைக் காட்டி நம் ஊரிலும் இப்படிச் செய்யலாம் என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்டினால் நல்லது.

ரூரில் இது ஏன் நடந்தது? மக்களின் ஆர்வமும் அரசின் பணமும் காரணங்கள்தாம். ஆனால் நான் முதன்மையாகக் கருதும் காரணம் வேறு: அந்த நிலத்தை வாங்க ஆளில்லை. ஆலைகள் மூடி வேலைவாய்ப்பு சரிந்த நகரங்களில் நஞ்சேறிய 200 ஹெக்டேருக்குச் சந்தையில் விலை ஏது? தனியார் கேட்காத நிலத்தைப் பொதுத்துறை எடுத்துக்கொள்ள முடிந்தது. எசன் நகரின் சோல்வெரைன் சுரங்கத்தின் கதையும் அப்படியே. 1932இல் உற்பத்தி தொடங்கிய அதன் 12ஆம் எண் தண்டு, அதாவது சுரங்கத்துக்குள் செங்குத்தாக இறங்கும் குழி, நாளொன்றுக்கு 12,000 டன் நிலக்கரியை மேலேற்றியது. 1986இன் இறுதியில் சுரங்கம் மூடப்பட்டபோது மாநில அரசு அந்த இடத்தை வாங்கியது. 2001இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

இதன் மறுபக்கத்தைக் காண வெகுதூரம் போக வேண்டியதில்லை, மும்பையே போதும். நகரின் நடுவே ஏறக்குறைய 600 ஏக்கரில் ஐம்பதுக்கும் மேற்பட்ட துணி மில்கள் இருந்த பகுதி அது. 1982 ஜனவரியில் தத்தா சாமந்த் தலைமையில் சுமார் இரண்டரை லட்சம் தொழிலாளர்கள் தொடங்கிய வேலைநிறுத்தம் முறையாக முடிவுக்கு வரவே இல்லை. பல மில்கள் மீண்டும் திறக்கப்படவும் இல்லை. 1991இல் வந்த வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதி, மில் நிலத்தை மறுவளர்ச்சிக்கு எடுத்தால் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கும் பொது வசதிகளுக்கும், மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டு வசதிக்கும், எஞ்சியது உரிமையாளருக்கும் என்று வகுத்தது. விதியை ஏட்டில் படித்தால் எவருக்கும் குறை சொல்லத் தோன்றாது. ஆனால் 2001இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, மொத்த நிலத்தைக் கணக்கில் எடுக்காமல், கட்டடம் இல்லாமல் காலியாகக் கிடந்த நிலத்தை மட்டுமே பங்கிட்டால் போதும் என்றாயிற்று. மில் என்றால் பெரும்பகுதி கட்டடம்தானே? பொதுமக்களுக்கு வரவேண்டிய பங்கு பெருமளவு சுருங்கிப்போனது. மும்பை உயர் நீதிமன்றம் அதற்கு எதிராகத் தீர்ப்பளித்தபோதிலும், 2006 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் திருத்தத்தை உறுதிசெய்தது. பீனிக்ஸ் மில் இருந்த இடத்தில் இன்று அதே பெயரில் வணிக வளாகம் நிற்கிறது. புகைபோக்கி மட்டும் அடையாளமாக விடப்பட்டிருக்கிறது. நிலத்துக்கு விலை இல்லாத ரூரில் மரபு வென்றது, நிலம் தங்கமாக இருந்த மும்பையில் தோற்றது என்று பார்க்கும்போது, ஒரு மூடிய ஆலை மரபாக மாறுமா என்பதைக் கட்டடக் கலைஞருக்கு முன்பே நிலப்பயன்பாட்டு விதி எழுதுபவர் தீர்மானித்துவிடுகிறார் என்பது புலப்படும்.

அடுத்து, சமூகம் என்ற சொல்லைச் சற்றுக் கவனமாகக் கையாள வேண்டியிருக்கிறது. ரூரிலேயே, பூங்காக்களுக்கு முந்தைய போராட்டம் வீடுகளுக்காக நடந்தது. ஓபர்ஹவுசன் நகரின் ஐசன்ஹைம் என்ற தொழிலாளர் குடியிருப்பு 1846இல் தொடங்கப்பட்டது. அப்பகுதியிலேயே மிகப் பழையது. 1970களில் அதை இடித்து அடுக்குமாடிகள் கட்டும் திட்டம் வந்தபோது, குடியிருந்தவர்களே குழுவாகத் திரண்டு எதிர்த்தார்கள். ரோலண்ட் குண்டர் என்ற ஆய்வாளர் அவர்களுக்குத் துணை நின்றார். குடியிருப்பு காப்பாற்றப்பட்டது; அதன் பொதுச் சலவைக்கூடங்களுள் ஒன்று பின்னாளில் சிறிய அருங்காட்சியகம் ஆனது. குடியிருந்தவர்கள் தங்கள் வீட்டிலேயே தொடர்ந்து வாழ முடிந்தது என்பதுதான் அந்த வெற்றியின் அளவுகோல். சோல்வெரைனில் முன்னாள் சுரங்கத் தொழிலாளர்கள் பார்வையாளர்களுக்கு வழிகாட்டிகளாக வந்து விளக்குவதும் இந்த வகையில் பொருளுள்ள ஏற்பாடு. ஆனால் அதே வளாகத்தின் கொதிகலன் கூடம் 1997இல் வடிவமைப்பு அருங்காட்சியகமாக மாறியபோது, விலையுயர்ந்த நாற்காலிகளையும் கார்களையும் பார்க்க வருகிறவருக்கும், அங்கே நிலக்கரி அள்ளி இரைப்பு நோயோடு வீடு திரும்பியவருக்கும் இடையே என்ன உறவு என்று கேட்கத் தோன்றுகிறது. துருவின் நிறத்தை ரசிப்பது எளிது. அந்தத் துருவுக்குள் உழைத்தவருக்கு வேலை போன பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பது கடினம். பூங்கா அமைந்தது என்பதற்காக ரூரில் வேலையின்மை நீங்கிவிடவில்லை.

தமிழ் வாசகருக்கு அண்மையில் உள்ள ஓர் இடத்தில் இந்தக் கேள்வி மேலும் கூர்மையாகிறது. சென்னை பெரம்பூரில் பின்னி நிறுவனத்தின் பக்கிங்காம் மில்லும் கர்நாடிக் மில்லும் இருந்தன. 1918 ஏப்ரலில் உருவான சென்னைத் தொழிலாளர் சங்கம், அதாவது இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கமாகக் கருதப்படும் அமைப்பு, இந்த மில் தொழிலாளர்களைக் கொண்டே தொடங்கியது. செல்வபதி செட்டியார், இராமாஞ்சலு நாயுடு, பி. பி. வாடியா, திரு. வி. க. ஆகியோரின் பெயர்கள் அதனோடு இணைந்தவை. 1990களில் மில்கள் மூடப்பட்டன. பிறகு அந்த வளாகம் கிடங்காகவும் சினிமாப் படப்பிடிப்புக் களமாகவும் பயன்பட்டது. இப்போது அங்கே அடுக்குமாடிகள் எழுந்திருக்கின்றன. ஒருவேளை அந்தச் சங்கத்தின் நினைவாக அங்கே ஏதேனும் அமைக்க முற்பட்டிருந்தால், 1921ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கும் சாதி இந்துத் தொழிலாளர்களுக்கும் இடையே ஏற்பட்ட பிளவையும், புளியந்தோப்பில் வீடுகள் எரிந்ததையும் என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழுந்திருக்கும். தொழிலாளர் ஒற்றுமையின் நினைவிடம் என்று மட்டும் எழுதிவிட்டால் ஒரு பகுதி மக்களின் வரலாறு அழிக்கப்படும். ஓர் ஆலையைச் சுற்றி ஒரே சமூகம் இருப்பதாக வைத்துக்கொள்வது திட்டம் போடுபவருக்கு வசதியான கற்பனை.

கோலார் தங்கவயல் இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு. அதற்கு இன்னும் காலமும் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தின் கையில் விரிவடையத் தொடங்கிய அச்சுரங்கங்களில் உழைத்தவர்களுள் பெரும்பாலோர் வட ஆர்க்காடு போன்ற தமிழ் மாவட்டங்களிலிருந்து சென்றவர்கள். அவர்களில் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள். சிவனசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902இல் அங்கே மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழமானது. 1965இல், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோ துகள்களை உலகில் முதன்முதலாகக் கண்டறிந்த குழுக்களுள் ஒன்று அந்தச் சுரங்கத்துக்குள்தான் தன் கருவிகளை வைத்திருந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. தண்டுகளின் மேல் நிற்கும் இரும்புக் கோபுரங்களும், லைன் வீடுகளும், தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சயனைடு மண் மேடுகளும் எஞ்சியுள்ளன. காற்றடிக்கும் மாதங்களில் அந்த மேடுகளின் தூசு வீடுகளுக்குள் வருகிறது.

ரூரின் அனுபவத்தை இங்கே பொருத்திப் பார்த்தால், வண்ண விளக்குகளைப் பற்றி யோசிப்பதற்கு முன் முடிவுசெய்ய வேண்டிய வேலைகள் தெளிவாகின்றன. நிலம் ஒன்றிய அரசு நிறுவனத்தின் வசம் இருக்கிறது. மேடுகளில் மிஞ்சியுள்ள தங்கத்தை மீண்டும் பிரித்தெடுக்கும் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024இல் இசைவு தந்திருக்கிறது. மேடுகள் கலைக்கப்படும்போது தூசையும் நீரையும் யார் கண்காணிப்பது, எந்தெந்தத் தண்டுகளின் கோபுரங்களை விட்டுவைப்பது, லைன் வீடுகளில் வாழ்பவர்களுக்கு அவற்றின்மேல் என்ன உரிமை என்பவற்றை அத்திட்டத்துக்கான ஒப்பந்தங்களுக்குள்ளேயே எழுதிவிட முடியும். எழுதாமல் விட்டால் பின்னர் கேட்பதற்கு இடம் இராது. செலவு குறைந்த வேலை ஒன்றை அதற்கும் முன்பே தொடங்கலாம். வரைபடங்களும் கூலிப் பதிவேடுகளும் விபத்துப் பதிவேடுகளும் எங்கே இருக்கின்றன என்று கண்டறிந்து படியெடுக்க வேண்டும். சுரங்கத்தில் இறங்கியவர்களிடமும் அவர்களுடைய வீட்டுப் பெண்களிடமும் குரல் பதிவுகள் எடுக்க வேண்டும். 2001இல் கடைசி முறையாகக் கூண்டில் ஏறி மேலே வந்தவர்களுள் இளையவர்களே இப்போது நடு வயதைக் கடந்துவிட்டார்கள் என்பதால், கோபுரங்களைப் போல அந்தப் பதிவுகள் காத்திருக்க மாட்டா.